தெளிந்த கிணறு

முழங்கால் சேற்றில் நின்று முனவ்வறா பன்புல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தபோதுதான் கனகரெத்தினம் சைக்கிளை வேலியில் சாத்தினார்.

அவர் சுகாதாரப் பரிசோதகர். பாண்டிருப்பிலிருந்து மருதமுனைக்கு அவள் பன் நட்டிருந்த குழிகளைப் பார்க்கவென்றே வந்திருந்தார். கையில் குறிப்பெழுதும் கொப்பியும் அளவு நாடாவும் இருந்தன.

முனவ்வறாவும் புருஷனும் நெசவு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்த பிறகு, அவர்களது சாயத் தண்ணீர் மணலில் ஊறி, பக்கத்து வளவு உம்முவின் கிணற்றைச் சிவப்பாக்கிவிட்டது.

உம்மு சண்டை பிடிக்கவில்லை. கைப்பிள்ளையை ஒரு இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் கிணற்றுக்கு நடந்தாள்.

தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முனவ்வறாவால் முடியவில்லை.

வயல் வாய்க்காலில் பன் அடர்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளிந்து ஓடுவதை அவள் கண்டிருந்தாள். கிழங்கோடு கிண்டி வந்தாள். வளவின் கோடியில் மூன்று குழி வெட்டி, களிமண் பூசி, மணல் நிரப்பி நட்டாள். சாயத் தண்ணீர் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மெல்ல இறங்கியது.

புருஷன் சிரித்தான்.

ஒரு மாரி போனது. மூன்றாம் குழியில் தண்ணீர் நிறமில்லாமல் கசிந்தது. பிறகு கிணறும் தெளிந்தது.

முதல் வாளியை முனவ்வறாதான் அள்ளிக் கொடுத்தாள். உம்மு அழுதுவிட்டாள்.

ஊரே வந்து பார்த்தது. மற்றச் சாயக்காரர்களையும் இப்படிச் செய்யவைக்கலாம் என்று கனகரெத்தினம் மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

இப்போது முதலாம் குழி வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது பாதி.

“என்ன வேலை தங்கச்சி இது? தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஏன் புடுங்குறீங்க?”

அவள் நிமிரவில்லை. பன்தாள் அறுத்து உள்ளங்கையெல்லாம் இரத்தம்.

“நிறத்தைத்தான் ஐயா வேர் குடிச்சிரிக்கி. சாயத்துக்குப் போடுற நஞ்சு மருந்தக் குடிக்கல்ல. தண்ணி செவப்பாக் கெடக்கக்குள்ள உம்முட புள்ளைக்கு அத ஆரும் குடுக்கல்ல.”

கனகரெத்தினம் கொப்பியை மூடினார்.

வேலிக்கு அப்பால் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மௌத்தாகி, அடக்கம் செய்து அன்று மூன்றாம் நாள். கத்தம் ஓத வரும்படி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள் உம்மு.

முனவ்வறாவுக்குச் சொல்லவில்லை.