நூறு பேர் வேண்டும்

இந்த வருடம் நூறு உறுப்பினர்கள் சேராவிட்டால் கிளை நூலகத்துக்கு மூடுவிழாதான். மாற்றலாகி வந்த முதல் நாளே புது நூலகர் வாசிப்பு மேசையில் கூட்டம் போட்டுவிட்டாள்.

"தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டலாம் மேடம்," என்றார் உதவியாளர்.

"போஸ்டரை யாரு நின்னு படிக்கிறாங்க?" என்றார் எதிரே இருந்த கண்ணாடிக்காரர். "ஒரு நல்ல கதையில பாதியை மட்டும் அச்சடிச்சு பஸ் ஸ்டாப்ல குடுங்க. மீதிக்குத் தானா ஓடி வருவாங்க."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"பிரமாதம் சார்! தலைமையகத்துல நீங்க எந்தப் பிரிவு?"

"தலைமையகமா? நான் எதிர்க்கடை டெய்லர்ங்க. பேப்பர் படிச்சுட்டிருந்தேன். நீங்கதான் வந்து சுத்தி உக்காந்தீங்க."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, உங்க உறுப்பினர் எண் என்ன?"

"பத்து வருஷமா வர்றேன். சேர்றீங்களான்னு யாருமே கேக்கலையே!"

உதவியாளர் அவசரமாகப் படிவத்தைத் தேடினார்.