புரொபசர் வீட்டுச் சீர் முறுக்கு

"டெர்ம் முடியற வரைக்கும் ஆம்படையானை ஒண்ணும் கேட்கப்படாது. மோர் குடு, தலைக்கு எண்ணெய் வை, வாயை மட்டும் திறக்காதே" என்றாள் அபயாம்பாள் மாமி.

நானும் ஷ்யாமளாவும் தலையை ஆட்டினோம். இரண்டு பேருக்கும் கை நிறைய மாவு.

மாமி புரொபசரின் மனைவி. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் அந்தப் புரொபசரிடம் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். பம்பாய் மாட்டுங்காவில் அவர் வீட்டு அடுக்களையில், விரித்த வேஷ்டியின் மேல், அவருடைய பெண் கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தோம்.

உலக யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. இத்தனை அரிசியும் தேங்காயெண்ணெயும் இந்த வீட்டுக்கு எப்படி வந்தன என்று நாங்கள் கேட்கவில்லை.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் லாபில் பையன்களுக்குச் செய்து காட்ட வேண்டும். மீதி நேரத்தில் தன்னுடைய எம்.எஸ்ஸி. ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மீதி நேரத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

டெர்ம் முடிகிற சமயம் கேட்கவே வேண்டாம். பிராக்டிகல் பரீட்சை, பையன்களின் ஜர்னல் நோட்டு அத்தனையிலும் கையெழுத்து. போதாக்குறைக்குப் புரொபசர் திருத்த வேண்டிய பேப்பர் கட்டும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடும். ஷ்யாமளாவின் கணவர் பஞ்சு போன வாரம் லாபிலேயே மயங்கி விழுந்தார்.

அதைக் கேட்டு மாமிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், அவர்களுக்கு நிம்மதி வேண்டும், பகலெல்லாம் பெண்டாட்டி வீட்டில் இருந்தால் தொந்தரவுதானே, இங்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியனுப்பினாள். எப்பேர்ப்பட்ட மனசு!

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஜூனில் ஒரு லெக்சரர் வேலை காலியாகிறது. ஒன்றே ஒன்று. அது என் வீட்டுக்காரருக்குத்தான் என்று புரொபசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த வேலை கிடைத்தால் பாலக்காட்டில் என் அம்மாவிடம் விட்டிருக்கிற குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். டெமான்ஸ்ட்ரேட்டர் சம்பளத்தில் கட்டுப்படியாகவில்லை என்று கொண்டு விட்டோம். இப்போது அவளுக்கு மூன்று வயசு. என் அம்மாவைத்தான் அம்மா என்கிறாளாம்.

காலையில் கிளம்பும்போதுகூட, "ஜூன்லே குழந்தையை அழைச்சுண்டு வந்துடலாமோல்லியோ?" என்று அவரிடம் கேட்டேன். வந்துடலாம் என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதனால் நான் ஒவ்வொரு முறுக்கையும் ஏழு சுற்று சுற்றினேன். பஞ்சு போன வருஷம் சேர்ந்தவர், அவசரமில்லை. ஷ்யாமளா ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. புரொபசர் ஒரு பையனை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டு அடுக்களை வாசலில் வந்து நிற்கிற மாப்பிள்ளையை எங்கள் ஊரில் பார்க்க முடியாது. பம்பாயில் முடியும்.

மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பனாரஸ்லே எம்.எஸ்ஸி. படிச்சவர். ஜூன்லேர்ந்து நம்ம காலேஜ்லேயே லெக்சரர்!"

ஷ்யாமளா என்னைப் பார்த்தாள். நான் முறுக்கைப் பார்த்தேன். நாலாவது சுற்றில் மாவு விரலிலேயே நின்றுவிட்டது.

இதை எந்த வாயால் அவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்? சாப்பாடு தூக்கம் இல்லாமல் உழைக்கிற மனுஷர், இதையும் தாங்குவாரா? அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பற்றித்தான் பயம்.

"இவ நம்ம நாணுவோட ஆத்துக்காரி" என்று மாமி என்னைக் காட்டினாள்.

மாப்பிள்ளை கை கூப்பினான். நல்ல பையன்தான், அதுதான் கொடுமை.

"நாணு சார் இல்லேன்னா நான் திண்டாடியிருப்பேன் மன்னி! பிப்ரவரிலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாம லாபுக்கு வரச் சொல்லி, ஜூன்லே நான் என்னென்ன நடத்தணுமோ அத்தனையும் சொல்லிக் குடுத்துட்டார். உங்காத்து டிபன்லே பாதி எனக்குத்தான்."

பிப்ரவரியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெர்ம் வேலை என்று விடிந்ததும் கிளம்பிவிடுவார். பசிக்கிறது, கொஞ்சம் கூடவே வை என்பார். ரேஷன் அரிசியில் என் பங்கையும் சேர்த்துப் பொங்கி அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தன் இடத்துக்கு வேறொருவனைத் தயார் செய்திருக்கிறார். இன்று காலை என்னிடம் வந்துடலாம் என்று சொன்னதும் தெரிந்துதான். என்னை இங்கே முறுக்கு சுற்ற அனுப்பியதும் தெரிந்துதான்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன ஆண்பிள்ளை இவர்? புரொபசர் முகத்துக்கு நேரே, முடியாது சார் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டாமா? என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"ருக்கு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு எடுத்துக் குடேன். ருசி பார்க்கட்டும்" என்றாள் மாமி.

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பொரித்து வைத்ததில் உடையாததாக, சுற்று பிசகாததாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினேன். இலை நறுக்கில் வைத்து நீட்டினேன்.

"உப்பு சரியா இருக்கா?" என்றுகூடச் சிரித்தபடி கேட்டேன்.

அவரும் தன் டிபனை இப்படித்தான் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்.