திட்டு வாங்காத மந்திரி

டிவி நாடகப் பாத்திரங்கள் பார்ப்பவரோடு பேசத் தொடங்கிய நாள்முதல், மாலை ஏழரைக்கு நான் மந்திரி விடங்கரைத் திட்டாமல் இருந்ததில்லை. அரசருக்கு விஷம் வைக்கிற ஆளை வேறென்ன செய்வது?

"மூஞ்சியப் பாரு, துரோகி" என்பேன்.

"தங்கள் சட்டையில் சாம்பார் சிந்தியிருக்கிறது, பெரியவரே" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை, குரலும் எழும்பவில்லை. திறந்திருந்த கதவு வழியே, கூடத்து டிவியில் நாடகம் தானாக ஆரம்பித்தது தெரிந்தது. நான் தினமும் புகழ்கிற அரசர் தன்பாட்டுக்கு வாள் சுழற்றிக்கொண்டிருந்தார். மந்திரிதான் விஷக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கிழவர் இன்னும் திட்டவில்லையே."

எதிர்வீட்டு ரோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சிக்குள் மந்திரி தலைப்பாகையோடு நுழைந்து, "அம்மணி, அடுப்பை அணைத்துவிட்டு, பெரியவர் வீட்டுச் சாவியோடு ஓடுங்கள்" என்றாராம்.

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ஏழரைக்கு மந்திரி கிண்ணத்தோடு என்னையே பார்த்து நின்றார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம் விடவில்லை.

"நாசமாப் போறவனே, இன்னைக்கு யாருக்குய்யா விஷம்?" என்றேன்.

"அப்பாடா" என்று மந்திரி நிம்மதியாகக் கலக்க ஆரம்பித்தார்.