'அச்சப்படு' பொத்தான்

'அச்சிடு' என்று இருக்க வேண்டிய பொத்தானில் 'அச்சப்படு' என்று இருந்தது.

"இங்க பாருங்க! பிரிண்ட் எடுக்கப் போனா பயப்படச் சொல்லுது!"

பஸ் ஓட்டுநரான கணவன் எட்டிப் பார்த்தான். "பேப்பர் விக்கிற விலைக்கு நியாயந்தானே?"

பிள்ளை பிறந்தபின் ஐந்து வருஷம் வீட்டில் இருந்தவள் அவள். மறுபடி வேலை தேடினால், "சமீபத்துல என்ன செஞ்சீங்க?" என்றே எல்லாரும் கேட்டார்கள். அதற்காகத்தான், யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் இந்த மென்பொருளை உருவாக்கும் குழுவில் சேர்ந்தாள். நூற்றிருபது பகுதிகள், நாலாயிரம் கோப்புகள். எதைத் தொடுவது என்று புரியாமல் இரண்டு வாரம் முழித்தவளுக்கு, இன்று இது கண்ணில் பட்டது.

பொத்தான் பகுதியைத் திறந்தாள். 'சொற்கள் இங்கே இல்லை. மெனு பகுதியைப் பார்க்கவும்' என்றது ஒரு குறிப்பு. மெனு பகுதி மொழிப் பகுதிக்குக் கை காட்டியது. மொழிப் பகுதியோ, 'பொத்தான் பகுதியைக் கேட்கவும்' என்றது.

"பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன். இப்படி ஒரு ரூட்டைப் பாத்ததே இல்ல" என்றான் கணவன்.

அவள் விடவில்லை. எந்தப் பகுதி எதற்குக் கை காட்டுகிறது என்று காகிதத்தில் வரைந்து வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

நான்காம் நாள், மொழிப் பகுதிக்குள் ஒரு சந்து, அதற்குள் ஒரு மூலை. அங்கே உட்கார்ந்திருந்தது 'அச்சப்படு'. திருத்தி அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் பதில். 'ஏற்றுக்கொண்டேன். நன்றி.' அனுப்பியவர் மொழிப் பகுதியின் பொறுப்பாளர்.

யார் எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளைப் புரட்டியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பாக எழுதியதும் அதே ஆள்! அதற்கு முன்பு 'சேமி'யை 'சாமி' ஆக்கியிருந்தார். 'ஒட்டு' என்பதை 'ஓட்டு' ஆக்கியிருந்தார்.

வாராந்தர இணையக் கூட்டத்தில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ் சரியா வராதவங்க இந்தப் பகுதியைப் பாக்கலாமா?"

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"வயசாகுதும்மா, கண்ணு தெரியல. இனிமே கவனமா இருக்கேன்" என்றார் அவர், பவ்யமாக.

கூட்டம் முடிந்ததும் இன்னொரு உறுப்பினரிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"புதுசா வந்தவங்க எதைத் தொடுறதுன்னு தெரியாம நின்னா, அவர் ஒரு சொல்லைக் கெடுத்து வெப்பார். தேடிக்கிட்டுப் போனா வழி பழகிடும், திருத்தினவங்க பட்டியல்ல பேரும் ஏறிடும்ல? நாம சோதிச்சுப் பாக்குற பதிப்புல மட்டுந்தான் அது இருக்கும், மக்களுக்கு வெளியே போற பதிப்புல இருக்காது. கவலைப்படாதீங்க, நாங்க பதினேழு பேரும் அவரைத் திட்டிக்கிட்டேதான் உள்ள வந்தோம்!"