பத்துக்குப் பத்து

"அப்பா, மறுபடியும் லேட்! வாள் இறங்கின பிறகு பட்டனை அமுக்கி என்ன பிரயோஜனம்?"

திரையில் இரும்புக் கவசத் தளபதி ஓங்கி வெட்ட, அப்பாவின் வீரன் சுருண்டு விழுந்தான். அப்பா வலது கையை உதறிக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று இந்த கேமைக் கொடுத்ததே மகள்தான். மனுஷன் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"நாளையோட லீவு முடியுது. அதுக்குள்ள இவன் வெட்டைப் பத்துக்குப் பத்து தட்டிவிடணும்."

"அப்போ சின்னக் கேடயத்தை எடுங்க. கொஞ்சம் முன்னே பின்னே அமுக்கினாலும் அது தட்டிவிட்டுடும். வாளால தட்டணும்னா கண் இமைக்கிற நேரம்தான் கிடைக்கும்."

கேடயத்தை எடுத்தார். பத்துக்குப் பத்து! மகள் துள்ளிக் குதித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கேடயத்தை வைத்துவிட்டு மறுபடியும் வாளை எடுத்தார்.

"அதான் ஜெயிச்சாச்சேப்பா?"

"அது கேடயத்தோட கெட்டிக்காரத்தனம்மா. என் கையோடது இல்ல."

பிடிவாதத்துக்கு மருந்து ஏது? தலையிலடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஒவ்வொரு வெட்டுக்கும் 'டங்' என்று வாள் மோதியது. அப்பாவின் நெற்றியில் வியர்வை. எட்டு ஆனதும் அவளுக்கே படபடத்தது. ஒன்பது!

பத்தாவதில் கட்டைவிரல் ஒரு கணம் பிந்தியது. வீரன் விழுந்தான்.

"காலையிலேர்ந்து எத்தனை தடவை ஆச்சு?" என்றார் அப்பா.

"ஆறு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் தப்புது. போதும், விடுங்கப்பா. கை சரியாயிடுச்சுன்னு டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாரு."

"அவர் கையை மடக்கிப் பார்த்தாரு, நீட்டிப் பார்த்தாரு. நேரத்தைப் பார்க்கலையே."

அப்பா சட்டைப்பையிலிருந்து, வேலைக்குத் திரும்புவதற்கான படிவத்தை எடுத்துப் பிரித்தார். பேனா முதல் கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது. இருபத்தாறு வருஷம் ஆசையாய்ப் பார்த்த வேலை. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார்.

மகள் எட்டிப் பார்த்தாள். 'டிக்கெட் கவுன்டர்' என்றிருந்தது.

"என்னப்பா இது? பத்துல ஒண்ணு தப்பினதுக்கா?"

"அந்த ஒண்ணுல, பஸ்ல என் பின்னாடி அறுபது பேர் உட்கார்ந்திருப்பாங்கம்மா."