நாலாவது ஆள்

“மூணு பேரும் மறந்துட்டாங்க. அந்த நாலாவது ஆள்தான் பழசையே பிடிச்சுக்கிட்டு அழிச்சாட்டியம் பண்றான்” என்று சகா மீசையிடம் ஃபோனில் புலம்பினாள் ஆந்தை. இரண்டும் ஆபீசில் வைத்த பட்டப்பெயர்கள். செருப்பில்லாத கால்களில் சோதனை அறையின் தரை சில்லிட்டது.

ஆள் என்றால் நிஜ ஆள் இல்லை. ஒரே கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கிற மென்பொருளை அவளுடைய குழு பல வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தது. அப்படிக் குடிவந்த ஒரு கணினியின் நான்கு பிராசசர்களைத்தான் அவள் ஆள் கணக்கில் வைதுகொண்டிருந்தாள்.

மெமரியில் ஓர் இடம் கைமாறினால், ‘பழைய விலாசத்தை மறந்துடு’ என்று நான்கு பிராசசர்களுக்கும் தகவல் போக வேண்டும். ஒன்று மறக்காவிட்டாலும் போச்சு. காலி செய்துவிட்டுப் போனவர் பழைய சாவியால் திறந்து வந்து, புதுக் குடித்தனக்காரர் அடுப்பில் உலை வைத்த கதையாகிவிடும். வாடிக்கையாளரின் கணினிகள் ஒரு வாரமாக அப்படித்தான் குப்புற விழுந்துகொண்டிருந்தன.

இன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. மொத்தமே நாலு பேர். கல்யாண வேலையிலிருந்து ஆஸ்பத்திரிக் காவல்வரை ஒருவருக்கொருவர் ஓடியவர்கள். பிரிவதை ஆந்தையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, விடிந்த பிறகுதான் ஓய்வறை சோபாவில் சாய்ந்தாள். கண் விழித்தால் மதியம். பதறியடித்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் நேரே சோதனை அறைக்கு ஓடிவந்திருந்தாள். செருப்பு, குழு உட்காரும் கூடத்தில் அவள் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.

“இனிமே அதைக் கட்டிட்டு அழுது என்ன ஆகப்போகுது?” என்றான் மீசை. பக்கத்துக் கூடத்திலிருந்துதான் பேசினான். “விடு ஆந்தை. வந்து ஒரு வாய் சாப்பிடு.”

“சோறு எங்கயும் ஓடிப்போகாது. தகவல் போனப்போ இந்த நாலாவது ஆள் தூங்கிட்டிருந்திருக்கான். தூங்கினா நாம என்ன பண்றோம்?”

“எழுப்ப மாட்டோம். ஒரு அடையாளம் வச்சுட்டுப் போயிடுவோம். முழிச்சதும் பாத்துட்டு மறந்துக்குவான். எல்லாம் நம்ம நாற்காலி மாதிரிதானே?”

அது அவர்கள் வழக்கம். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது குழுத்தலைவி பெரியக்கா போட்ட சட்டம். தூக்கத்தில் யாராவது ஒரு சேதியைத் தவறவிட்டால், அவருடைய நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிடுவார்கள். எழுந்து வந்தவர் உட்காருமுன் ‘என்ன சேதி’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துத்தான் தூங்கும் பிராசசருக்கு அடையாளம் வைக்கிற யோசனையே ஆந்தைக்கு உதித்தது.

இப்போது சட்டென்று பொறி தட்டியது.

“டேய், முழிச்சதும் அவன் அடையாளத்தை முதல்ல பாக்கறதில்லடா. நேரா வேலையில குதிச்சுடறான்.”

ஃபோனின் அந்தப் பக்கம் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். முதலில் அடையாளத்தைப் பார், பிறகு வேலையைத் தொடு. சொந்தபந்தம் கும்பிடுகிற அத்தனை சாமியையும் கூப்பிட்டுவிட்டு மென்பொருளை ஓடவிட்டாள். நாலாவது ஆள் விழித்தான், பார்த்தான், மறந்தான். கணினி விழவில்லை. மறுபடி ஓடவிட்டாள், அப்போதும் விழவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெறுங்காலோடு கூடத்துக்கு ஓடினாள். “பெரியக்கா, கண்டுபிடிச்சுட்டேன். பொழைச்சுட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. மூன்று மேசைகள் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தன. பெரியக்கா மீசையைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொல்லலையா?”

“எழுந்துட்டாளே, நாற்காலியைப் பாத்து உங்ககிட்ட கேட்டிருப்பாள்னு நெனச்சேன்” என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

பெரியக்காவின் பார்வை அவளுடைய வெறுங்காலில் விழுந்தது. பிறகு மூலைக்குப் போனது. அங்கே ஆந்தையின் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அடியில் அவள் செருப்பு. பெரியக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாயங்காலம்வரைகூடப் பொறுக்காம காலையிலயே நம்மளைக் கலைச்சுட்டாங்கம்மா. நீ தூங்கிட்டிருந்தே.”