பதினோரு குடம்

மழை சோவென்று பிடித்துக்கொண்டதும், தையல்காரி மிஷினை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. வீட்டில் மகள், பிறந்து ஒன்பது நாளான பிள்ளையோடு படுத்திருந்தாள். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி மூன்று நாள் ஆகிறது.

தெரு நடுவில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், வெயில் சுள்ளென்று அடிப்பது உறைத்தது. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. மேலே கிரேனில் குழாய் தொங்கியது. கேமராவுக்குப் பின்னால் நாற்பது பேர் அவளை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டு எடுக்கிறார்கள், யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் நேற்றே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழைச் சத்தம் கேட்ட பிறகு அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கூனிக் குறுகிக் குடத்தை எடுக்கப் போனாள்.

"எடுக்காதீங்கம்மா, அப்படியே நில்லுங்க," என்று டைரக்டர் ஓடி வந்தார்.

வறண்டு கிடக்கும் ஊரில் மழை வருகிறதாம், கூடவே காதலும் வருகிறதாம். நாலு நிமிஷப் பாட்டு. முகத்தைப் பார்த்தாலே தாகம் தெரிகிற தெரு வேண்டும் என்று ஊரெல்லாம் அலசி இந்தத் தெருவைப் பிடித்திருக்கிறார்கள். குடத்தோடு ஒருத்தி பதறி ஓடி வருவது நம் மூளைக்கு எட்டவில்லையே என்று டைரக்டர் நொந்துகொண்டு, அவளையே மறுபடி ஓடி வரச் சொன்னார்.

மறுபடி என்றால் ஒரு தடவையா? ஒரு தடவை, மழையில் ஆடிக்கொண்டிருந்த பாடகியின் முடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை தையல்காரி கேமராவைப் பார்த்துத் தொலைத்தாள். ஒவ்வொரு தடவையும் குடம் நிறைந்தது, அடுத்த தடவைக்கு வெறுங்குடத்தோடுதான் ஓடி வர வேண்டும் என்றார்கள். ஓடிப்போய் வீட்டில் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"நீங்க மூணு மாடி ஏறி இறங்குற நேரத்துக்குக் கிரேன் வாடகை எவ்வளவு ஆகும் தெரியுமாம்மா?" என்றார் மேனேஜர். "கவுத்துட்டு வாங்க. எல்லாம் முடிஞ்சதும் வேணுங்கிற மட்டும் புடிச்சுக்குங்க."

முதல் குடத்தைக் கவிழ்த்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் தெருவுக்குத் தண்ணீர் லாரி கண்டிப்பாக வரும் என்று சங்கத் தலைவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். இது அவர்கள் தண்ணீர், அவர்கள் காசு, கொட்டினால் நமக்கென்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நாலாவது குடத்துக்குக் கை பழகிவிட்டது.

இடைவேளைகளில் மேனேஜர், சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைச் சொல்வதுபோல் செலவுக் கணக்கை அளந்தார். பாடகியின் செருப்புக்குத் தனிப் பெட்டி, தனி ஆள். அந்த ஒரு ஜோடி விலையில் தன் மிஷின் மாதிரி ஆறு வாங்கலாம் என்று தெரிந்து தையல்காரிக்குத் தலை சுற்றியது. மழைக்கு எவ்வளவு என்று கேட்டாள். "இருக்கறதுலயே அதுதாம்மா சல்லிசு," என்று சிரித்தார்.

அதற்குள் கேமராவை எதிர்ப் பக்கம் மாற்றினார்கள். கறுப்புத் துணியால் மூடிக் கட்டியிருந்த, மழைக்குத் தண்ணீர் விடுகிற லாரியும் இடம் மாற வேண்டியிருந்தது. காலையில் யூனிட் வேன்கள் இரண்டு சக்கரம் மாட்டிக்கொண்டு தவித்த உடைந்த சாக்கடை மூடியை, அந்த லாரி யாரும் கைகாட்டாமலே தவிர்த்து ஒதுங்கி, பின்பக்கமாகவே வந்து நின்றது. கெட்டிக்கார டிரைவர் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோராவது குடத்தையும் கை பழக்கத்தில் கவிழ்த்த பிறகுதான் டைரக்டர் திருப்தி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவருக்கு யூனிட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தபடியே அவரும் தட்டினார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். தையல்காரிக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் குடத்தைக் கிரேன் குழாய்க்கு அடியில் வைத்தபோது அது இருமி, நாலு சொட்டுச் சொட்டி நின்றுபோனது. மேனேஜரைத் தேடினால் அவர் பாடகியின் காரோடு போயே போய்விட்டார். பதினோரு குடமும் தெருவோரமாக ஓடிச் சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தன. போகட்டும், சாயங்காலம்தான் வரப்போகிறதே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

லாரியின் கறுப்புத் துணியை அவிழ்த்தார்கள். இறங்கி வந்த டிரைவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. வழக்கமாக இந்தத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவன்தான். எப்போது வந்தாலும் அவளுக்கு ஒரு குடம் கூடவே விடுகிற நல்ல பையன்.

"நீதானா தம்பி? சினிமாக்காரங்ககிட்டயும் வேலை பாக்கிறியா?" என்றாள். "சரி, அது கெடக்கட்டும். பச்சப்புள்ள குளிக்காம கெடக்கு. நம்ம தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி கொண்டு வருவே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. நனைந்த தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க தெரு லோடைத்தான்க்கா காலையிலேர்ந்து மழையா விட்டுக்கிட்டிருக்கேன்."